குலவணிகர்புரம் கேட்

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, முதல் மாடி, கடைசி அறை.
ஷாக் கொடுப்பது என் வேலை.
பலகையில் மரியாதையாக
நரம்புக் கடத்தல் பரிசோதனை என்று எழுதியிருக்கும்.

செய்யதலி பாத்திமா, நாற்பத்தாறு, மேலப்பாளையம்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
'வீட்டில் சும்மா' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
சும்மா இருந்த கை
நாளைக்கு எண்ணூறு பீடி சுற்றியிருக்கிறது
இருபத்தொன்பது வருஷமாக.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எறும்பு ஏறுது தம்பி.
எந்திரிச்சு உதறுவேன், எறங்கிரும்.
படுத்தா திரும்ப வந்துரும்."
பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல்.
அப்புறம் மோதிரவிரலில் சரிபாதி.
"மோதிரம் ஒரு பக்கம் தெரியுது, மறுபக்கம் தெரியல."
விரலில் மோதிரம் இல்லை.
நான் கேட்கவில்லை.

சுண்டுவிரல் சுகமாக இருக்கிறது.
அதன் நரம்பு முழங்கைக்குப் பின்னால் ஒதுங்கி
வேறு தெரு வழியாகப் போய்விடுகிறது.

பசை தடவி, தகடு ஒட்டி, மணிக்கட்டில் அழுத்தினேன்.
சுரீர்.
பெருவிரல் துள்ளி விழுந்தது.
"நான் ஆட்டல" என்றாள்,
கடையில் எண்ணிக்கை குறைந்தால் சொல்லும் குரலில்.
தெரியும் அக்கா. அவ்வளவுதான் பரிசோதனையே.
நீங்கள் ஆட்டாமல் ஆடுகிறதா,
ஆடினால் எவ்வளவு நேரம் கழித்து.

சுவரில் ஒரு படம் உண்டு:
குறுக்கே வெட்டிய நரம்பிழை,
நடுவில் தண்டு, சுற்றிலும் கொழுப்புறை, சுற்றுமேல் சுற்று.
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"இது எந்தக் கம்பெனி?"
நான் முழித்தேன்.
"இலைய இழுத்துச் சுத்தலியே. வாயும் மடக்கல.
கொண்டுபோனா கழிச்சு வீசிருவான்."

கழிக்கத்தான் வேண்டியிருக்கிறது.
கழுத்தெலும்பின் பக்கம் ஒரு செல்,
அரிசிமணியில் நூறில் ஒரு பங்கு.
அதன் வால் தோள் தாண்டி, முட்டி தாண்டி
விரல் நுனிவரை ஒரே இழை. எங்கும் முடிச்சில்லை.
அத்தனை நீளத்துக்கும் யாரோ உட்கார்ந்து
உறை சுற்றியிருக்கிறார்கள்; சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே
ஒரு சின்ன இடைவெளி.
செய்தி அந்த இடைவெளிகளில்தான் கால் வைக்கும்,
ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்.
தாவுவதால்தான் வேகம்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை
விநாடிக்கு ஐம்பத்து நாலு மீட்டர். குறையே இல்லை.
மணிக்கட்டில் ஒரு நார்ப்பட்டை;
அதன் அடியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும்.
நாண்கள் வீங்கினால் நரம்புதான் நசுங்கும்.
நாலுக்குள் வரவேண்டியது
ஆறு புள்ளி ஒன்று மில்லிவிநாடியில் வந்தது.
விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தாமதம்.
அதற்குத்தான் இத்தனை எறும்பு.

டாக்டர் பட்டையை வெட்டச் சொல்வார்.
மூன்று வாரம் கைக்கு ஓய்வு.
"அந்த மூணு வாரமும் வயித்துக்கும் ஓய்வு குடுப்பாரா?"
சிரித்துவிட்டாள். எனக்கு வரவில்லை.

பிரிண்டர் காகிதம் விழுங்கித் திணறிய நேரத்தில்
அவள் மடியைப் பார்த்தேன்.
பெருவிரலும் ஆள்காட்டியும்
இல்லாத இலையை நறுக்கி, இல்லாத தூளை வைத்து
உருட்டிக்கொண்டிருந்தன.
தொட்டால் தெரியாத விரல்கள்.
அவற்றுக்குத் தெரிந்த அந்தச் சுற்று
மூளையில் எந்த மடிப்பில் இருக்கிறதோ,
அதை அளக்க இந்த அறையில் மிஷின் இல்லை.
'சும்மா'வை அடித்துவிட்டு
பீடி என்று மட்டும் எழுதினேன்.

ஆறரைக்குக் குலவணிகர்புரம் கேட் போட்டிருந்தது.
நாகர்கோவில் வண்டி வரணும்.
பஸ், லாரி, பள்ளிக்கூட வேன், தலைச்சுமையோடு ஒருவர்,
தண்டவாளம்வரை நெருக்கிக்கொண்டு
ஒன்றும் நகரவில்லை.
அதுவரை ஐம்பத்து நாலில் வந்தவர்கள்தான் எல்லோரும்.

ரயில் போயிற்று. கேட் ஏறியது.
அத்தனை ஹாரனும் ஒரே சமயத்தில்
மரத்த காலில் ரத்தம் இறங்குவதுபோலக் குத்தின.

எனக்கு நாலு வண்டி முன்னால் ஓர் ஆட்டோ.
கம்பியைப் பிடிக்காமல்
வெளியே நீட்டி
உதறிக்கொண்டே போனது ஒரு கை.